சொந்த அஞ்சல் சர்வரும் அதன் நற்பெயரும்

பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின், அங்கே வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பரவிவிட்டன. தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கமோ ஆலய நிர்வாகமோ அவர்களுக்குக் கடிதம் அனுப்ப, சொந்தமாக ஒரு மின்னஞ்சல் சர்வர் வைத்துக்கொள்ள முடியும். போஸ்ட்பிக்ஸ், டவ்காட் போன்ற மென்பொருள்கள் இலவசம். வரும் கடிதங்களைப் பெறுவதில் பெரிய தொல்லை இல்லை. அனுப்பும் கடிதத்தை ஜிமெயிலும் அவுட்லுக்கும் ஏற்கச் செய்வதுதான் கடினம்.

காரணம் பழையது. ஜான் போஸ்டல் 1982-இல் வகுத்த எஸ்எம்டிபி நெறிமுறையில், அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடே இல்லை. யார் பெயரிலும் யாரும் எழுதலாம். மோசடிக்காரர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள, பெரிய நிறுவனங்கள் முன்பின் அறியாத சர்வரைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கின.

முதலில் பார்க்கப்படுவது ஐபி முகவரி. வீட்டு இணைய இணைப்பின் முகவரி அடிக்கடி மாறும். அத்தகைய முகவரிகளை ஸ்பாம்ஹாஸ் அமைப்பு தனிப் பட்டியலாகவே வைத்திருக்கிறது. அதனால் நிலையான முகவரியுள்ள வாடகை சர்வர் வேண்டும். அந்த முகவரியை முன்பு வைத்திருந்தவர் கெட்ட பெயர் சேர்த்து வைத்திருக்கிறாரா என்று தடைப்பட்டியல்களில் தேடிப் பார்த்தபிறகே பணம் கட்டுங்கள். முகவரியிலிருந்து சர்வரின் பெயரைக் காட்டும் பிடிஆர் பதிவையும் வாடகைக்குக் கொடுத்தவர் மூலம் அமைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அடையாளம். 1965-இல் மலேசியா எஸ்எம்ஆர் தரமுறையைக் கொண்டுவந்தபோது, ரப்பரைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த வழக்கத்தின் இடத்துக்குச் சோதனைச்சாலை முடிவு வந்தது. மின்னஞ்சலிலும் இப்போது சொல்லை நம்புவதில்லை, சோதிக்கிறார்கள். சோதனைக்கான பதிவுகள் மூன்றும் உங்கள் டொமைனின், அதாவது இணையப் பெயரின், டிஎன்எஸ் பதிவேட்டில் இருக்க வேண்டும். இந்த டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்பதை எஸ்பிஎப் சொல்கிறது. ஒவ்வொரு கடிதத்திலும் சர்வர் தன் ரகசியத் திறவுகோலால் இடும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுத் திறவுகோல் டிகிம். இந்த இரண்டில் ஒன்றாவது, வாசகர் பார்க்கும் அனுப்புநர் டொமைனோடு பொருந்த வேண்டும்; பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். உறுப்பினர் ஒருவர் தம் பழைய முகவரிக்கு வருவதை ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டிருந்தால், வழியில் எஸ்பிஎப் பொருந்தாமல் போகும். கடிதம் மாற்றப்படாதவரை டிகிம் கையொப்பம் நிற்கும். ஆகவே எதையும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு கடிதம் அனுப்பி, அதன் மூல வடிவத்தைத் திறந்து பாருங்கள். எஸ்பிஎப், டிகிம், டிமார்க் மூன்றின் எதிரிலும் 'பாஸ்' என்று இருக்க வேண்டும். மறுப்பு வந்தால் எண்ணைப் படியுங்கள். 4-இல் தொடங்கினால் தற்காலிகம். சர்வர் தானே மீண்டும் முயலும். 5-இல் தொடங்கினால் கதவு சாத்தியாயிற்று, 550 5.7.26 என்று ஜிமெயில் சொன்னால் அடையாளச் சோதனையில் தவறியிருக்கிறீர்கள்.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் சிறிய அனுப்புநரிடமும் எஸ்பிஎப் அல்லது டிகிம், பிடிஆர், டிஎல்எஸ் குறியாக்கம் ஆகியவற்றைக் கேட்கிறது. நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்று பதிவுகளும் கட்டாயம். ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது என்கிறது. கணக்குப்படி, 300 பேருக்கு அனுப்பிய கடிதத்தில் ஒருவர் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்தினாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறோம்! எனவே கேட்டுப் பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும், முதல் வாரங்களில் சிறு எண்ணிக்கையில் அனுப்புங்கள். நற்பெயர் மெல்லத்தான் சேரும்.

இவ்வளவும் செய்தும் சில கடிதங்கள் மறுக்கப்பட்டால், அனுப்பும் வேலையை மட்டும் ஓர் இடைநிலைச் சேவையிடம் கொடுங்கள். அஞ்சல் பெட்டியும் உறுப்பினர் பட்டியலும் உங்களிடமே இருக்கட்டும். டொமைனைச் செயலாளரின் சொந்தப் பெயரில் அல்லாமல் சங்கத்தின் பெயரில் பதிவு செய்து, ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பியுங்கள்.