கடலை விடாத பென்ஷன்காரர் – 11: ஆறடிக் கயிறு

பாக் நீரிணைப் படகின் பலகைக் கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லத்தான் போகிறேன், கொஞ்சம் பொறுங்கள். ஜேம்ஸ் ஹார்னெல் 1924-ல் சென்னை மாகாண மீன்துறை இயக்குநர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்ந்து உட்காராமல் ‘செயின்ட் ஜார்ஜ்’ ஆராய்ச்சிக் கப்பலில் பசிபிக்குக்குக் கிளம்பினார். போன வாரம் அங்கேதான் விட்டோம். முத்துச் சலாபமும் கீழக்கரைச் சங்கும் பழைய இதழ்களில் இருக்கின்றன, புதிதாக வருகிறவர்கள் தேடிக்கொள்ளவும்.

கலாபகோஸ், மார்க்கேசஸ், தாகிட்டி என்று அந்தக் கப்பல் போன வழியைக் குறித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் ஹார்னெல் எழுதியவற்றின் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடலாமே என்று புரட்டியதுதான் வினை. ஹோனலூலுவின் பிஷப் மியூசியம் 1927-ல் வெளியிட்ட 39-ஆம் மலர். எழுதியவர் ஹார்னெல். பொருள்: பிஜியிலும் மேற்குப் பாலினேசியத் தீவுகளிலும் விளையாடும் கயிற்று விளையாட்டு!

ஆமாம், நம் பிள்ளைகள் நூலை விரலில் மாட்டிக் கட்டில், தொட்டில் என்று பின்னிக் காட்டுவார்களே, அதேதான். சங்கைப் பற்றி 1914-லும் மன்னார் வளைகுடா முத்துக்களைப் பற்றி 1922-லும் அரசாங்க அறிக்கை எழுதிய மனிதர், அறுபது தாண்டிய வயதில், எந்த விரல் எந்த இழையை எடுக்க வேண்டும் என்று வரி வரியாக எழுதி வைத்திருக்கிறார். அதோடு விட்டாரா? 1932-ல் குஜராத், கத்தியவார்க் கயிற்று விளையாட்டுகள். 1940-ல் சூடான். அவர் பிறந்தது 1865. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதை எழுதுவது லேசான காரியமில்லை. செய்து பார்த்தால் தெரியும். ஆறடி நூலை முடிந்து வளையமாக்குங்கள். இரு கைகளிலும் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் பின்னால் போகும்படி மாட்டுங்கள். இப்போது ஒவ்வொரு உள்ளங்கையின் குறுக்கேயும் ஓர் இழை ஓடும். வலது ஆள்காட்டி விரலால் இடது உள்ளங்கை இழையைக் கீழிருந்து கோத்து இழுங்கள். பிறகு இடது ஆள்காட்டி விரலை, வலது ஆள்காட்டி வளையத்தின் உள்ளே விட்டு, வலது உள்ளங்கை இழையை எடுங்கள். கைகளை அகட்டினால் ஆறு வளையம், நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இழைகள். ஊர் ஊருக்கு உருவம் மாறினாலும் பசிபிக் தீவுகளில் எத்தனையோ உருவங்களுக்கு இதுதான் தொடக்கம். தங்கூசி நரம்பில் முயலாதீர்கள், சுருண்டுகொள்ளும். வலை பின்னும் நூல் நன்றாக நிற்கிறது.

இப்படி எழுதி வைக்க ஒரு முறையை வகுத்தவர்கள் ரிவர்ஸ், ஹாடன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ்காரர்கள். 1898-ல் டோரஸ் நீரிணைக்கு ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் தீவு மக்களிடம் இந்த விளையாட்டைக் கற்று, கட்டைவிரல் பக்கம், சுண்டுவிரல் பக்கம், உள்ளங்கைப் பக்கம், புறங்கைப் பக்கம் என்று இழைக்கு இழை முகவரி கொடுத்து 1902-ல் வெளியிட்டார்கள். ஹாடனின் மகள் கேத்லீன் 1911-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். அந்த ஹாடனும் நம் ஹார்னெலும் சேர்ந்துதான் பின்னால், 1936 முதல் 1938 வரை, ஓஷியானியாவின் படகுகளைப் பற்றி மூன்று பெரிய தொகுதிகளைக் கொண்டுவந்தார்கள். பாலினேசியா, பிஜி, மைக்ரோனேசியா அடங்கிய முதல் தொகுதி முழுக்க ஹார்னெல் கைவண்ணம். படகுப் பைத்தியமும் கயிற்றுப் பைத்தியமும் ஒரே வீட்டில் குடியிருந்திருக்கின்றன!

கயிறு அவருக்கு எதற்குப் பயன்பட்டிருக்கும் என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. அவர் எங்கும் எழுதி நான் பார்த்ததில்லை, என் ஊகம்தான். நோட்டும் பேனாவுமாகக் கடற்கரையில் இறங்கும் ஆளிடம் யாரும் சுலபத்தில் வாய் திறப்பதில்லை. எங்கள் பாம்பனில் இன்றும் அப்படித்தான். “என்ன கணக்கு எடுக்க வந்திருக்கீங்க? மானியத்துக்கா?” என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றால் முகம் திரும்பிவிடும், ஆமாம் என்றால் ரேஷன் கார்டு வந்துவிடும். அன்று வெள்ளைக்கார அதிகாரியைக் கண்டால் வரியா, தடையா என்ற பயம் வேறு. அப்படிப்பட்டவர் மணலில் உட்கார்ந்து பிள்ளைகளிடம் கையை நீட்டி விளையாட்டுக் கற்றுக்கொண்டால் கதையே வேறு. பத்து நிமிடத்தில் பிள்ளைகளின் அப்பனும் தாத்தாவும் வந்து நிற்பார்கள். பிறகு படகைப் பற்றிக் கேட்பது கஷ்டமா?

ஊகத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டுமே. பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் நானும் உட்கார்ந்து நூலை மாட்டினேன். ஆறு வளையம் வரை வந்தது. ஏழாவது அசைவில் எல்லாம் சிக்கலாகிவிட்டது. விரல்களில் கிழித்த துணியைச் சுற்றிக் கட்டியிருந்த ஒரு பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ன சார், வலை முடையவா கத்துக்கிறீக?”

“இல்லை ஆத்தா, விளையாட்டு.”

“இம்புட்டு நேரமா இதுக்கு? கொண்டாங்க இங்கிட்டு.”

பாறை கிழிக்காமலிருக்கச் சுற்றிய அந்தத் துணியை அவிழ்க்காமலே நூலை வாங்கினார். உப்பில் ஊறி வெளுத்த விரல் நுனிகள். இரண்டு திருப்பு, ஒரு உதறல், கட்டில் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் இரு கை விரலாலும் அதை ஏந்தி எடுக்க, வேறு உருவம். அப்புறம் நான் வேடிக்கைதான் பார்த்தேன். பாசி விலை, எந்தத் தீவுப் பக்கம் போனால் வனத்துறை பிடிக்கும், யார் வீட்டு வள்ளம் விற்பனைக்கு வந்திருக்கிறது, எல்லாம் கேட்காமலே காதில் விழுந்தது. ஹார்னெலின் சாமர்த்தியம் என்னவென்று அன்று கொஞ்சம் புரிந்தது.

செயின்ட் ஜார்ஜ் பயணம் 1925-ல் முடிந்தது. அதற்குப் பிறகு குழுவும் இல்லை, கொட்டுமுழக்கும் இல்லை. செஷல்ஸ், சியரா லியோன், மால்டா, பாலஸ்தீனம் என்று ஆங்கில ஆட்சிக்கு உட்பட்ட இடங்களுக்கு மீன்பிடி நிபுணராகப் போனார், அறிக்கை எழுதினார். அறிக்கைகள் எனக்குச் சுவாரசியப்படவில்லை, மன்னிக்கவும். அந்தந்த ஊர்ப் படகைப் பார்த்து அவர் தனியாக எழுதிய கட்டுரைகள்தான் தங்கம். எழுபதைத் தாண்டியவர் வேல்ஸில் டைவி, டவி ஆறுகளின் கூடைப் படகுகளை ஆராய்ந்து 1938-ல் எழுதியது ஒரு பெரிய வேலை. நம் காவிரிப் பரிசலை அறிந்த கண்ணுக்கு அந்தக் கூடை புதிதாகவா இருந்திருக்கும்? இராக்கின் டைகிரிஸ் ஆற்றில் தார் பூசிய பரிசலும் அதே குடும்பம்தான். 1946-ல், எண்பது கடந்த பிறகு, உலகத்தின் நீர்ப் போக்குவரத்து முழுவதையும் ஒரே புத்தகமாக்கினார். 1949-ல் இறந்தார். மீன்பிடி முறைகளைப் பற்றிய கடைசிப் புத்தகம் அடுத்த ஆண்டுதான் அச்சில் வந்தது. சாலமன் தீவுகளில் காற்றாடி பறக்கவிட்டு, அதன் வாலில் சிலந்தி வலை உருண்டையைக் கட்டி, ஊசிமூக்கு மீனின் பல்லைச் சிக்கவைக்கும் வித்தை தெரியுமா? தூண்டில் முள்ளே கிடையாது! அதற்குத் தனி வாரம் வேண்டும்.

இனி பலகை. தொண்டிப் பக்கமும் அதிராம்பட்டினம் பக்கமும் ஓடிய பாய்மர வத்தைகளில் குறுக்கே ஒரு நீண்ட பலகை போட்டிருக்கும். காற்று ஏற ஏறப் படகு ஒரு பக்கம் சாயும். உடனே ஆட்கள் காற்று வரும் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையின் மேல் நகர்ந்து போய், கடலுக்கு மேலே உட்கார்ந்து, தங்கள் உடல் எடையாலேயே படகை நிமிர்த்துவார்கள். ஹார்னெல் 1920-ல், ஓய்வுக்கு முன்பே, இந்தப் பலகையையும் பசிபிக் தோணிகளின் பக்கவாட்டு மிதவைக் கட்டையையும் உறவாக்கி எழுதிவிட்டார். அதோடு நிற்காமல் நம் கடற்கரைச் சமூகங்கள் சிலவற்றின் பூர்வீகத்தையே பாலினேசியாவோடு முடிச்சுப் போட்டார். படகைப் பற்றிச் சொன்னதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்வேன். ஆட்களைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன். படகின் வடிவம் பார்த்துப் பழகினால் வந்துவிடும். அதற்கு ரத்த உறவு எதற்கு? ஆனால் நாற்காலியில் இருந்தபடி எழுதிய அந்த முடிச்சைத் தாங்கிக்கொண்டுதான் அவர் தாகிட்டிக்குப் போனார் என்று நினைக்கிறேன். போய்ப் பார்த்த பிறகு எதை மாற்றிக்கொண்டார், எதை விடாமல் பிடித்துக்கொண்டார் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டாவது முறையாக போன் வந்துவிட்டது, இடமும் தீர்ந்துவிட்டது.

உங்கள் வீட்டுப் பாட்டிமார்களுக்குக் கட்டிலைத் தவிர வேறு உருவங்கள் தெரிந்தால், விரல் விவரத்தோடு எழுதி அனுப்புங்கள். படம் மட்டும் வேண்டாம், வழி வேண்டும். பலகையின் மீதிக் கதை அடுத்த வாரம் நிச்சயம், மால்டாப் படகுகளின் முகப்பில் வரைந்திருக்கும் கண்கள் குறுக்கே வராவிட்டால்.