சமபங்கு வேறு, சமநீதி வேறு!

அண்ணன் தம்பி நால்வர். நால்வருக்கும் பொதுவாய் ஒரு கிணறு. தூர்வார நாற்பது ரூபாய். "ஆளுக்குப் பத்து" என்கிறான் மூத்தவன். பத்து ஏக்கர் பாய்ச்சுகிறவனுக்கும் பத்து. அரைக்காணி பாய்ச்சுகிறவனுக்கும் பத்து! கேட்டால், "சமமாகத்தானே பிரித்தோம்!" என்கிறான். இந்தச் சமத்துவத்தைக் கண்டு சிரிப்பதா, சினப்பதா?

கிணற்றுக் கதை எதற்கென்று கேட்பீர்கள், தோழர்களே! செல்வம் கொழிக்கும் அமெரிக்காவின் பள்ளிகளிலே எழுந்த கேள்வியும் இதுதான்.

1996இல் அங்கே ஒரு தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதன் வழியே பிறந்தது 'ஈ-ரேட்' என்னும் உதவித் திட்டம். பள்ளிகளும் நூலகங்களும் இணைய வசதி பெறும் செலவில் ஒரு பகுதியை அத்திட்டம் ஏற்கிறது. வறுமை மிகுந்த இடத்துக்கு உதவியும் மிகுதி. வறுமையை எப்படி அளக்கிறார்கள்? இலவச உணவுக்கும் சலுகை விலை உணவுக்கும் தகுதியுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து! பசித்த வயிறே அங்கு அளவுகோல்.

பணம் வானத்திலிருந்து கொட்டவில்லை. தொலைபேசி நிறுவனங்கள் செலுத்துகின்றன. செலுத்தியதை வாடிக்கையாளர் தலையிலே ஏற்றுகின்றன. ஆக, பாட்டாளி கட்டும் காசும் அதிலே இருக்கிறது.

2015 முதல் 2020 வரை ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனி உச்சவரம்பு இருந்தது. பள்ளிக்குள் அமைக்கும் கருவிகளுக்கு, ஐந்தாண்டுக்கு, மாணவர் ஒருவருக்கு 150 டாலர் என்பது கணக்கு. ஆனால், பல பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரே கருவி வாங்கினால், அதன் விலையை எந்தப் பள்ளியின் கணக்கிலே எவ்வளவு எழுதுவது? விண்ணப்பத்திலே பிரித்துக் காட்டியாக வேண்டுமே!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பள்ளிகள். மாணவர்கள் முறையே 1,200, 500, 200, 100. பொதுக் கருவியின் விலை 40,000 டாலர். சமபங்கு என்றால் பள்ளிக்கு 10,000. பெரிய பள்ளியின் உச்சவரம்பு 1,80,000. அதற்கு இது யானை வாயில் ஒரு கவளம். சிறிய பள்ளியின் உச்சவரம்போ 15,000தான்! மூன்றில் இரண்டு பங்கு ஒரே அடியில் போய்விடும். மிச்சம் 5,000. அதை வைத்துக்கொண்டு வகுப்பறைகளுக்கு வேண்டியதையெல்லாம் வாங்க முடியுமா?

தலைக்கணக்கில் பிரித்துப் பாருங்கள். மாணவர் ஒருவருக்கு 20 டாலர். பெரிய பள்ளிக்கு 24,000, அடுத்ததற்கு 10,000, அதற்கடுத்து 4,000, சிறியதற்கு 2,000. எல்லாப் பள்ளிக்கும் உச்சவரம்பில் பதினைந்தில் இரண்டு பங்குதான் குறைகிறது. கருவி அதே கருவி, விலையும் அதே விலை. பிரித்த முறைதான் வேறு. ஒரு முறை சிறுவனைச் சாய்க்கிறது. மறு முறை நால்வரையும் நிமிர்ந்து நிற்க வைக்கிறது!

2019இல் அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம் விதியை மாற்றியது. 2021ஆம் நிதியாண்டு முதல், பல பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்கு உச்சவரம்பு ஒன்றே. மாணவருக்கு 167 டாலர் என அளவும் உயர்ந்தது. பொதுக் கருவிக்குப் பள்ளிவாரியாக உச்சவரம்பைப் பிய்க்கும் வேலை ஒழிந்தது. வரவேற்கிறோம்!

ஆனால், ஒன்று கேட்கிறோம். பொதுப்பெட்டியின் சாவி யார் கையில்? மாவட்ட நிர்வாகத்தின் கையில். அது மனம் வைத்தால் கடைக்கோடிப் பள்ளிக்கு முதலில் கருவி போகும். மறந்தால் பெரிய பள்ளிக்கே எல்லாம் போகும். முன்பு விண்ணப்பத் தாளிலே கண்ணுக்குத் தெரிந்த பங்கீடு, இன்று அலுவலக அறைக்குள்ளே நடக்கிறது. அன்று அநீதி நடந்தால் தாளைக் காட்டிக் கேட்கலாம். இன்று எதைக் காட்டுவது?

பொதுப்பணம் சேர்ந்தால் போதாது. பங்கீடு வெளிச்சத்துக்கு வரவேண்டும். எந்தப் பள்ளிக்கு எவ்வளவு, ஏன் என்று பெற்றோர் முன்னே எழுதி ஒட்டவேண்டும். அதைக் கேட்கும் உரிமை, கட்டணம் கட்டும் ஒவ்வொரு உழைப்பாளிக்கும் உண்டு.

கட்டடத்தை எண்ணிப் பிரிப்பது சமபங்கு. அதனுள்ளே அமர்ந்திருக்கும் பிள்ளைகளை எண்ணிப் பிரிப்பதே சமநீதி!