கார்ட்டூன் கேம்களுக்கு ஒரு நியாயம்

குழந்தைகள் படத்தையோ டிவி கார்ட்டூனையோ வைத்து எடுத்த வீடியோ கேம் தேறாது என்பது அந்தத் துறையில் நெடுங்காலமாக நிலைத்துவிட்ட தீர்ப்பு. படத்தின் பெயரைக் காட்டிக் காசு பார்க்க அவசர அவசரமாகக் கட்டிய சரக்கு, பெட்டியில் பிடித்த பாத்திரத்தின் முகத்தைப் பார்த்துப் பிள்ளை அடம்பிடித்தால் பெற்றோர் வாங்கித் தொலைக்கும் பொருள் என்பதே அதைப் பற்றிய பொதுவான எண்ணம். விமர்சகர்கள் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. சிறந்த கேம்களின் பட்டியல்களில் ஒன்றிரண்டைத் தவிர இவற்றுக்கு இடமும் இல்லை. இந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. நெருக்கடியான கெடு, அடுத்தவர் உருவாக்கிய பாத்திரங்கள், ஆறு வயதிலிருந்து அறுபது வயதுவரை யாரும் விளையாடக்கூடும் என்ற நிபந்தனை ஆகிய மூன்றுக்கும் நடுவே வேலை செய்த சிலர் இந்தக் கேம்களில் உயர்ந்த கைத்திறனைக் காட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்க மறுத்ததால் நாம் இழந்துகொண்டிருப்பவை ஏராளம்.

தீர்ப்புக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. 1982இல் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ படத்துக்கு அடாரி நிறுவனம் கேம் எடுத்தது. அது கார்ட்டூன் அல்ல, ஆனால் படத்தை ஒட்டி வரும் எல்லா கேம்களின் தலையெழுத்தையும் அதுவே எழுதியது. கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க வேண்டும் என்பதால் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஏறக்குறைய ஐந்தே வாரத்தில் அதை உருவாக்க வேண்டியிருந்தது. விற்காமல் தேங்கிய அடாரி சரக்கை, இந்தக் கேமையும் சேர்த்து, 1983இல் நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014இல் அதைத் தோண்டியும் எடுத்தார்கள். 1994இல் வந்த ‘லயன் கிங்’ கேமின் கதை வேறு மாதிரி. அதன் இரண்டாம் கட்டம் சிறுவர்களால் தாண்ட முடியாத அளவுக்குக் கடினமானது. வாடகைக்கு எடுப்பவர்கள் இரண்டு நாளில் முடித்துத் திருப்பித் தந்துவிட்டால் யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள் என்பதால் வேண்டுமென்றே கடினமாக்கினோம் என்று அதை உருவாக்கிய வெஸ்ட்வுட் நிறுவனத்தின் லூயிஸ் காஸில் பின்னாளில் சொன்னார். இந்த இரண்டு சான்றுகளும் வலுவானவை. ஆனால் ஒன்று கெடுவைக் குற்றம் சொல்கிறது, மற்றொன்று வியாபாரத்தை. படத்திலிருந்தோ கார்ட்டூனிலிருந்தோ நல்ல கேம் பிறக்க முடியாது என்பதற்கு இரண்டும் சாட்சியாகாது.

பிறக்க முடியும் என்பதற்கு, பலரும் மறந்துபோன ஒரு சின்னக் கேமைக் கிட்ட நின்று பார்ப்போம். டிஸ்னியின் ‘கூஃப் ட்ரூப்’ என்ற டிவி கார்ட்டூனை வைத்து ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993இல் சூப்பர் நின்டெண்டோவுக்காக எடுத்தது அது. கூஃபியின் அண்டைவீட்டுக்காரர் பீட்டையும் அவர் மகனையும் கடற்கொள்ளையர்கள் தூக்கிச் செல்ல, கூஃபியும் அவர் மகன் மேக்ஸும் ஒரு தீவுக்கு மீட்கப் போகிறார்கள். இருவரிடமும் கத்தியோ துப்பாக்கியோ கிடையாது. கண்ணில் படும் பீப்பாயையும் பானையையும் தூக்கி எறிவதுதான் அவர்களின் சண்டை. வழியில் சாவி, பலகை, மெழுகுவத்தி, மணி, தூரத்தில் இருப்பதைப் பற்றியிழுக்கும் கொக்கி எனச் சில பொருள்கள் கிடைக்கும். தனியாக விளையாடினால் ஒரே நேரத்தில் இரண்டு பொருள்களை வைத்துக்கொள்ளலாம். இருவராக விளையாடினால் ஆளுக்கு ஒன்றுதான். இந்த ஒரு விதி விளையாட்டின் குணத்தையே மாற்றிவிடுகிறது. பூட்டிய கதவுக்குச் சாவி ஒருவரிடம், பள்ளத்தைக் கடக்கப் பலகை இன்னொருவரிடம் என்றாகிவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணனும் தங்கையும் பேசியே ஆக வேண்டும். யார் எதை எடுப்பது, யார் முன்னே போவது என்று கலந்து பேசாமல் அடுத்த அறைக்குப் போக முடியாது. படிக்கத் தெரியாத குழந்தைக்கும் விளங்கும் விதி. ஆனால் அதிலிருந்து எழும் சிக்கல்கள் பெரியவரையும் யோசிக்க வைக்கின்றன.

இதை வடிவமைத்தவர் ஷின்ஜி மிகாமி. மூன்று ஆண்டுகள் கழித்து, 1996இல், ஒரு பாழ்மாளிகையில் நடக்கும் ‘ரெசிடென்ட் ஈவில்’ என்ற திகில் விளையாட்டால் உலகப் புகழ் பெற்றார். அதில் ஒரு பாத்திரத்துக்குக் கையில் ஆறு பொருள்களுக்குத்தான் இடம், மற்றொரு பாத்திரத்துக்கு எட்டு. எதை எடுப்பது, எதை விடுவது என்ற தவிப்புதான் அந்தக் கேமின் பாதி பயம். கூஃபியின் தீவில் சிரித்துக்கொண்டே செய்த கணக்கு அந்தப் பாழ்மாளிகையில் நடுங்கிக்கொண்டே செய்யும் கணக்காக மாறியது என்றே எனக்குப் படுகிறது. கேப்காமின் மற்றொரு படைப்பான ‘டக் டேல்ஸ்’ (1989) இதே பாடத்தை வேறு விதமாகச் சொல்கிறது. தூர்தர்ஷனில் இந்தியில் ஓடிய அந்தக் கார்ட்டூனின் கஞ்சக் கோடீஸ்வர வாத்து ஸ்க்ரூஜ், கேமில் தன் கைத்தடியையே ஊன்றித் துள்ளித் துள்ளிப் போவார். முள்ளின்மேலும் துள்ளலாம், எதிரியின் தலைமேலும் துள்ளலாம். ஆனால் இமயமலைக்குப் போனதும் பனியில் தடி புதைந்து ஆள் சிக்கிக்கொள்வார். அதுவரை பழகிய ஒரே ஆயுதத்தை நிலமே பறித்துக்கொள்வதால், ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமலே ஆடுபவர் புதிதாக யோசிக்கத் தொடங்குகிறார்.

அனிமேஷன் படங்களை ஒட்டிய கேம்களுக்கு இவற்றைவிடப் பெரிய சோதனை ஒன்று உண்டு. படம் வெளியாகும் நாள் முகூர்த்தம் மாதிரி. பந்தி தயாராகவில்லை என்று தாலி கட்டுவதைத் தள்ளிவைக்க யாரும் ஒப்பமாட்டார்கள். படத்தின் வேலை முடியாத நிலையிலேயே கேமின் வேலையைத் தொடங்கியாக வேண்டும். எந்தக் காட்சி நிற்கும், எது வெட்டப்படும் என்பது தெரியாது. இந்த நெருக்கடியில் பலர் படத்தின் காட்சிகளை வரிசையாக ஒப்பேற்றித் தந்தார்கள். சிலர் மட்டும் படத்தின் கதையை விட்டு அதன் உலகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். டிஸ்னியின் ‘ட்ரெஷர் பிளானட்’ 2002இல் பெரும் நஷ்டத்தில் முடிந்த படம். அதோடு வந்த ‘பேட்டில் அட் புரோசியான்’ என்ற கணினி கேம், படக்கதை முடிந்த பிறகு நாயகன் ஜிம் கடற்படை அதிகாரியாவதைச் சொல்லியது. விண்வெளியில் மிதக்கும் பாய்மரக் கப்பல்களை நிதானமாகத் திருப்பி, பக்கவாட்டுப் பீரங்கிகளுக்கு எதிரிக் கப்பல் நேராக வரும் கணத்துக்காகக் காத்திருக்கும் போர்த்தந்திரம் அது. படம் தோற்றதும் அந்தக் கேமையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2010இல் அவலாஞ்ச் நிறுவனம் எடுத்த ‘டாய் ஸ்டோரி 3’, படக்கதை ஒரு பக்கம் இருக்க, ‘டாய் பாக்ஸ்’ என்ற பகுதியைத் தனியே வைத்தது. அங்கே ஒரு பொம்மை ஊர். கட்டடங்களைக் கூட்டலாம், ஊர்க்காரர்களை விருப்பம்போல் அலங்கரிக்கலாம், அவர்கள் சொல்லும் வேலைகளைத் தோன்றும்போது செய்யலாம். ஒரு குழந்தை தரையில் பொம்மைகளைப் பரப்பிக்கொண்டு விளையாடும் முறையையே அது கேமாக்கிவிட்டது. அந்தப் படம் எதைப் பற்றியதோ அதைக் காட்சிகளைவிட இந்தப் பகுதி நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது.

இந்தப் பட்டறைகளில் பழகிய கைகள் பின்னர் எங்கே போயின என்று பார்த்தாலும் வியப்பாக இருக்கும். அவலாஞ்சை 2016இல் டிஸ்னி மூடியது. மறு ஆண்டு வார்னர் நிறுவனம் வாங்க, அதே பெயரில் 2023இல் ‘ஹாக்வர்ட்ஸ் லெகசி’யைத் தந்தார்கள். பிரான்ஸின் போர்தோ நகரத்து அசோபோ நிறுவனம் ‘ராட்டட்டூயி’, ‘வால்-ஈ’, ‘அப்’ ஆகிய பிக்ஸார் படங்களுக்குக் கேம் எடுத்தது. பிறகு 2019இல் பிளேக் காலத்துப் பிரான்ஸில் எலிக்கூட்டங்களுக்கு நடுவே தப்பியோடும் அக்கா தம்பியின் கதையை ‘எ பிளேக் டேல்’ எனத் தந்தது. 2020இல் மைக்ரோசாஃப்டின் ‘ஃப்ளைட் சிமுலேட்டர்’ அவர்கள் கையில்தான் உருவானது.

இதற்கு ஒரு மறுப்பு எழும்: பின்னால் பெரிய கேம் எடுத்தார்கள் என்பதால் முன்னால் எடுத்தது நல்லதாகிவிடுமா? ஆகாது. அதனால்தான் கொக்கியையும் சாவியையும் பனியில் புதையும் தடியையும் முதலில் பேசினேன். பெயர் பெற்றவர்களின் கைவரிசை என்று தெரியாமல் விளையாடினாலும் அவை நன்றாகவே இருக்கும். இன்னொரு மறுப்பு, இவற்றில் பெரும்பாலானவை மோசம் என்பது. உண்மைதான். எந்தக் கலையிலும் பெரும்பாலானவை சுமார்தான். நாவல்களையோ சினிமாவையோ நாம் அவற்றின் மோசமான பகுதியை வைத்து எடைபோடுவதில்லை. மூன்றாவது மறுப்பு கனமானது: இவை அடிப்படையில் விளம்பரம்தானே, குழந்தையைக் குறிவைத்த வியாபாரத்துக்கு ஏன் வக்காலத்து? பணம் போட்டவரின் நோக்கம் விளம்பரமாகவே இருந்திருக்கும். ஆனால் ஒரு பொருளைச் செய்யச் சொன்னவரின் நோக்கம் வேறு, செய்தவரின் அக்கறை வேறு. ஆளுக்கு ஒரு பொருள் என்ற விதியால் கூடுதலாக ஒரு பிரதிகூட விற்றிருக்காது. இரண்டு பேர் சேர்ந்து யோசிப்பதில் உள்ள மகிழ்ச்சிக்காக யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள். அந்த மெனக்கெடலைத்தான் மதிக்கச் சொல்கிறேன்.

மதிக்காததன் விலை இன்று கண்முன்னே தெரிகிறது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் 2023 ஆய்வு சொல்கிறது. பொதுவான நிலையே இது என்றால், கார்ட்டூன் கேம்களுக்கு உரிமச் சிக்கல் கூடுதல் சுமை. பாத்திரம் ஒருவருடையது, நிரல் இன்னொருவருடையது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் விற்க முடியாது. ‘டக் டேல்ஸ்’ கேமின் 2013 மறுவடிவமே 2019இல் இணையக் கடைகளிலிருந்து இறக்கப்பட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் வந்தது. 2003இல் வந்த ‘தி சிம்ப்ஸன்ஸ்: ஹிட் அண்ட் ரன்’ தொடரின் அசல் குரல்களோடு ஒரு முழு ஊரையே சுற்றித் திரியத் தந்த படைப்பு. இன்றும் அதற்குப் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. ஆனால் தொடரின் உரிமை ஃபாக்ஸிடமிருந்து டிஸ்னிக்குப் போய்விட்டது. வெளியிட்ட விவெண்டி ஆக்டிவிஷனோடு இணைந்து, ஆக்டிவிஷனும் மைக்ரோசாஃப்டின் கைக்குப் போய்விட்டது. இத்தனை பேரை ஒரு மேசையில் உட்காரவைக்க யாருக்கு அவசரம்? மனம் வைத்தால் முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கேப்காமின் ஆறு டிஸ்னி கேம்களை 2017இல் ஒரே தொகுப்பாகவும், ‘அலாதீன்’, ‘லயன் கிங்’ இரண்டையும் 2019இல் மற்றொரு தொகுப்பாகவும் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் புதிய கருவிகளுக்குக் கொண்டுவந்தது. தவறு செய்தால் சற்றுப் பின்னோக்கிச் சென்று மீண்டும் ஆடும் வசதியும் கொடுத்ததால், அன்று குழந்தைகளை அழவைத்த கட்டங்களை இன்றைய குழந்தைகள் தாண்ட முடிகிறது.

இப்படிப் புகழ்பெற்ற பெயர்கள் மட்டுமே பிழைத்துக்கொள்ளும். தோற்ற படத்தின் நல்ல கேமுக்கும், மறந்துபோன கார்ட்டூனின் நல்ல கேமுக்கும் பரிந்து பேச ஆள் இருப்பதில்லை. எனவே புதிதாக உரிமம் எழுதும்போதே, விற்பனைக் காலம் முடிந்த பின்னும் நூலகங்களும் காப்பகங்களும் அந்தக் கேமை வைத்திருந்து ஆய்வுக்குத் தர அனுமதிக்கும் ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். அதனால் உரிமையாளருக்குப் பெரிய இழப்பு எதுவும் வந்துவிடாது. விமர்சகர்களும் குழந்தைகள் கேமைப் பெரியவர்கள் கேமின் அளவுகோலால் அளப்பதை நிறுத்தி, விளக்கமே இல்லாமல் விதியைப் புரியவைக்கிறதா, இருவரைச் சேர்ந்து யோசிக்க வைக்கிறதா, படத்தின் உலகத்துக்கு எதையாவது கூட்டுகிறதா என்று கேட்க வேண்டும். சிறுவர் இலக்கியத்தை நாம் அதன் நோக்கத்தை வைத்தே மதிப்பிடுகிறோம், அட்டையில் இருக்கும் படத்தை வைத்து அல்ல. அதே மரியாதை குழந்தைகளுக்கான கேமுக்கும் உரியது.