உங்களுக்குத் தெரியுமா? நான்கு நாளில் ஒரு மனோசிகிச்சை

பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்லின் நாகல் நகரில், வாசற்கதவைப் பூட்டியவர் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது சுபாவமே. ஆனால் பூட்டியதை நன்கறிந்திருந்தும், சந்தேகம் மனத்தை வதைக்க, பாதி வழியிலிருந்து பன்முறை திரும்பிவந்து இழுத்துப் பார்த்தாலன்றி நிம்மதி கிட்டாதென்னும் நிலை, ஓ.சி.டி. என வைத்தியர்கள் வழங்கும் எண்ணச் சுழற்சி நோயின் லட்சணமாயிருக்கலாம்.

அஞ்சும் சந்தர்ப்பத்தை வேண்டுமென்றே எதிர்கொண்டு, வழக்கமான செய்கையைச் செய்யாது நிற்கும் பயிற்சியே இந்நோய்க்குப் பிரதான மனோசிகிச்சை. லண்டனில் விக்டர் மேயர் 1966-ல் இரு நோயாளிகளின் விருத்தாந்தத்தைப் பிரசுரித்து இதற்கு அஸ்திவாரமிட்டார். வாரமொருமுறையாக மாதக்கணக்கில் நடப்பதே வழக்கமாயிருக்க, நார்வே தேசத்துப் பெர்கன் நகரின் ஹாக்கலாண்ட் சர்வகலாசாலை மருத்துவமனையில் ஜெர்ட் குவாலே, பியார்னே ஹான்சன் என்னும் மனோதத்துவ நிபுணர் இருவர், அதனைத் தொடர்ச்சியான நான்கே நாட்களில் அடக்கினர். மூவர் முதல் அறுவர் வரையுள்ள குழுவில் ஆளுக்கொரு சிகிச்சையாளர். முதல் நாள் விளக்கம். அடுத்த இரு நாட்களும், வீடோ வீதியோ கடையோ, அச்சம் எழும் இடங்களிலேயே இடைவிடாப் பயிற்சி. நான்காம் நாள் கற்றதைத் தொகுத்து, வருங்காலத்துக்குத் திட்டமிடல்.

நம் தேசத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இந்நோய்க்கெனத் தனிக் கிளினிக் நடத்துகிறது. கடுமையாகப் பீடிக்கப்பட்டோர் அங்கே உள்நோயாளிகளாகத் தங்கித் தீவிர சிகிச்சை பெறுவதுமுண்டு. ஆலோசனை வேண்டுவோர் மத்திய அரசின் டெலி-மானஸ் எண்ணாகிய 14416-ஐக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.