புகைபிடிப்பதைச் சட்டத்தால் தடுக்கலாமா?

சிகரெட்டும் பீடியும் நுரையீரல் புற்றுநோய்க்கும் இதயநோய்க்கும் காரணமாகின்றன என்பதை இன்று அறியாதவர் இல்லை. அப்படியானால் புகைபிடிப்பதையே குற்றமாக்கிவிடலாமே என்று பலரும் கேட்பதுண்டு. முழுத் தடை பலன் தருமா என்பதையும், நம் நிலத்தில் எத்தகைய தடை பலன் தரும் என்பதையும் இங்குக் காண்போம்.

முழுத் தடை

நம் அண்டை நாடான பூட்டான் 2004ஆம் ஆண்டு டிசம்பரில் புகையிலைப் பொருள்களின் விற்பனையை நாடு முழுவதும் தடை செய்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் கடத்துவோர்க்குச் சிறைத்தண்டனை விதித்தது. ஆயினும் இந்திய எல்லை வழியாகக் கடத்தல் நிற்கவில்லை. கொரோனா காலத்தில் கடத்துவோர் மூலம் நோயும் நுழையும் என்ற அச்சத்தால் 2020இல் தடை தளர்த்தப்பட்டது. 2021இல் சட்டமே திருத்தப்பட்டு விற்பனை அனுமதிக்கப்பட்டது. வாங்குவோர் இருக்கும் வரை சரக்கு வந்துகொண்டேதான் இருக்கும் என்பது இதனால் விளங்கும்.

இடத்திற்கேற்ற தடை

நம் நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் புகைபிடிப்பதை முழுமையாகத் தடுக்கவில்லை. பொது இடங்களில் புகைப்பதையும், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்பதையும், கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜ தூரத்திற்குள் விற்பதையும் தடுக்கிறது. பிறருக்குத் தீங்கு நேரும் இடத்தில் தடுப்பதே இதன் அடிப்படை. இதே முறையை உழவர்கள் தம் நிலத்திலும் கையாளலாம்.

நாற்றங்காலில் ஏன் தடை?

தக்காளி, மிளகாய்ப் பயிர்களைத் தாக்கும் தேமல் நோய்களுள் ஒன்று புகையிலைத் தேமல் நச்சுயிரியால் உண்டாகிறது. இலைகளில் வெளிர் பச்சையும் கரும் பச்சையும் திட்டுத்திட்டாகக் காணப்படும். இலைகள் உருமாறும், செடி குன்றும், காய் சிறுக்கும். இந்நச்சுயிரி உலர்ந்த புகையிலையில் பல ஆண்டுகள் உயிர்ப்புடன் இருக்க வல்லது. பீடித் தூள் பட்ட கையால் நாற்றைப் பிடுங்கினால், முறிந்த இலைமயிர்கள் வழியே செடிக்குள் புகக்கூடும். பிறகு கைக்குக் கை, செடிக்குச் செடி பரவும். புகையால் பரவுவதில்லை, கையால்தான் பரவுகிறது. எனவே புகையிலை மெல்பவர்களுக்கும் இது பொருந்தும். தேமல் அனைத்தும் இதனால் வருவதல்ல. அசுவினி பரப்பும் தேமலும் உண்டு. ஆனால் நச்சுயிரி புகுந்த செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. வருமுன் காப்பதே வழி.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. நாற்றங்காலிலும் நடவு வயலிலும் புகைத்தல், புகையிலை மெல்லுதல் கூடாது.

2. புகையிலையைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கைகழுவிய பின்பே நாற்றைத் தொட வேண்டும்.

3. தேமல் கண்ட செடிகளை வேருடன் பிடுங்கி எரித்துவிட வேண்டும். அவற்றைத் தொட்ட கையால் நல்ல செடியைத் தொடக்கூடாது.

4. பூச்சிமருந்து தெளிக்கும்போது புகைத்தால் கையிலுள்ள நஞ்சு வாய்க்குள் செல்லும்.

5. களத்திலும் வைக்கோற்போர் அருகிலும் தீப்பொறி ஆகவே ஆகாது.

இக்கட்டுப்பாடு கூலியாட்களுக்கு மட்டும் என்றிருந்தால் யாரும் மதிக்கமாட்டார்கள். நிலத்துக்காரர் முதலில் தம் சட்டைப்பையிலுள்ள பீடிக்கட்டை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். அடியோடு விட விரும்புவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். நாற்றுக்காக ஒரு வேளை நிறுத்தியவர் தமக்காகவும் நிறுத்த முடியும். பயிரும் பிழைக்கும், குடும்பமும் பிழைக்கும்.