எல்லாப் பிள்ளைகளும் ஏறும் மேடை

இத்தாலியின் தூரின் நகரில் 1849ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு நாடகம் மேடையேறியது. ராஜா ராணி இல்லை, போர் இல்லை. மீட்டரும் லிட்டரும்தான் கதை. 1850 பிறந்ததும் பழைய அளவைகளை விட்டுவிட்டு மெட்ரிக் முறைக்கு மாற வேண்டும் என்பது அப்போது அங்கே ஆண்ட சார்டினிய அரசின் சட்டம். கிராமங்களிலிருந்து கொத்து வேலைக்கும் பட்டறை வேலைக்கும் வந்திருந்த சிறுவர்கள் கடைத்தெருவில் தடுமாறக் கூடாது என்று ஒரு பாதிரியார் அதை உரையாடல்களாக எழுதி, அந்தச் சிறுவர்களையே நடிக்க வைத்தார். அவர்தான் ஜான் போஸ்கோ. படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் வந்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் நம் பெரியவர்களுக்கு அந்த நாடகத்தின் அருமை சொல்லாமலே புரியும்.

போஸ்கோ சிறுவனாக இருந்தபோது சந்தையில் வித்தை காட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே கயிற்றில் நடக்கக் கற்றுக்கொண்டவர். ஊர்ப் பிள்ளைகளுக்கு வித்தை காட்டுவார். கோயிலில் கேட்ட பிரசங்கத்தையும் நடுவில் சொல்லிவிடுவார். பின்னாளில் அவர் நடத்திய விடுதியில் பாண்டு வாத்தியத்துக்கும் நாடகத்துக்கும் பாடப் புத்தகத்துக்குச் சமமான இடம் இருந்தது. அவருடைய சலேசிய சபையினர் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். அங்கே பணியாற்றிய மெடர்லே 1928இல் சென்னைப் பேராயரானார். அவருக்குப் பின் 1935இல் வந்த லூயி மத்தியாஸும் சலேசியரே.

தாம்பரத்தைப் பற்றிய தொடரில் தூரினுக்கு ஏன் போக வேண்டும்? ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் இருக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளில், சலேசியர் நடத்தாதவற்றிலும்கூட, இதே எண்ணம் வேரோடியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆண்டு விழா நெருங்கினால் வகுப்பில் ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது. ஆட வராத பிள்ளை மரமாக நிற்கும். வசனம் மறந்துபோகும் பிள்ளை மேகமாக நகரும். போட்டியில் பரிசு வாங்கித் தரும் நான்கு பேரை மட்டும் மேடையேற்றினால் நிகழ்ச்சி இன்னும் சுத்தமாக இருக்கும்தான். அப்படிச் செய்ய மறுத்த எத்தனையோ சிஸ்டர்களுக்கு இந்தப் புறநகர் கடன்பட்டிருக்கிறது.

ஏனென்றால் இங்கே அந்த மேடைக்கு மாற்று கிடையாது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு வளர்ந்த ஊர்கள் இவை. ரயில்வே ஊழியர்கள், பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ராணுவக் குடும்பங்கள், ஆங்கிலோ இந்தியர்கள், குரோம்பேட்டைத் தோல் தொழிற்சாலையின் தொழிலாளர்கள், அனகாபுத்தூர் நெசவாளர்கள் என்று பலரும் இங்கே வேரூன்றினார்கள். சபாக்கள் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் இருந்தன, டிசம்பர் சீசனின் சத்தம் இவ்வளவு தூரம் வந்ததில்லை. இங்கே ஒரு தொழிலாளியின் மகள் முதன்முதலாகச் சலங்கை கட்டியது பெரும்பாலும் பள்ளி மைதானத்துச் சாமியானாவின் கீழ்தான்.

இந்த மரபு முழுவதும் கப்பலில் வந்தது அல்ல. தமிழ்க் கத்தோலிக்கர்களிடம் தங்களுக்கே உரிய நாடகங்கள் இருந்தன: தவக்காலத்தை ஒட்டி நடக்கும் பாஸ்கா, புனிதர்களின் கதையைப் பாடி நடிக்கும் வாசாப்பு. ஞானசௌந்தரி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட பெண்ணுக்கு மாதாவின் அருளால் கைகள் திரும்பக் கிடைக்கும் கதை அது. கிறிஸ்தவர் அல்லாதவர்களும் கண்ணீரோடு பார்த்தார்கள். 1948இல் சிட்டாடலும் ஜெமினியும் அதே கதையைப் படமாக்கின. சிட்டாடல் படம் பெற்ற வெற்றியைப் பார்த்து ஜெமினி தன் படத்தைத் திரையரங்குகளிலிருந்து எடுத்துக்கொண்டது. ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் மேடைக்கதை ஜெமினி அதிபர் எஸ்.எஸ்.வாசனையே பின்வாங்க வைத்தது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

பரதநாட்டியம் இந்தப் பள்ளிகளுக்குள் வந்த விதம் வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டு ஆவணம், அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பைத் தரச் சொன்னது. தமிழரான அமலோர்பவதாஸ் அடிகள் அதை இந்திய மண்ணில் நடைமுறைக்குக் கொண்டுவர பெங்களூரில் உழைத்தார். திருச்சியில் 1977இல் அருட்தந்தை எஸ்.எம்.ஜார்ஜ் கலைக்காவிரியைத் தொடங்கினார். இன்று அது நுண்கலைக் கல்லூரி. இயேசுவின் உவமைகளுக்கு அபிநயம் பிடிக்கலாமா என்று அந்தக் காலத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஊதாரி மகன் கதையைப் பன்னிரண்டு வயதுப் பெண் முத்திரைகளால் சொல்லும்போது, கடைசி வரிசையில் இருக்கும் பாட்டிக்கும் அது விளங்கிவிடுகிறது. எனக்கு அதற்கு மேல் வாதம் தேவைப்படவில்லை.

மேடைக்கு வெளியேயும் நிறைய நடக்கிறது. தலைமை ஆசிரியையின் நாமவிழாவுக்குப் பிள்ளைகளே பாட்டுக் கட்டுவார்கள். டிசம்பரில் குடில் கட்டுவது எனக்கு இன்னும் பிடிக்கும். இரண்டு வாரம் முன்பே தட்டில் கேழ்வரகோ நெல்லோ தூவி முளைக்க வைத்து, வைக்கோல், செம்மண், சிமெண்டுப் பைக் காகிதத்தால் செய்த மலை எல்லாம் சேர்த்து ஒரு பெத்லகேம் எழும். கட்டுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் கொலு வைக்கிற பிள்ளைகள். படி அமைத்துப் பழகிய கை அங்கேயும் உதவுகிறது.

எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. இப்போது பல பள்ளிகளில், கத்தோலிக்கப் பள்ளிகளும் விலக்கல்ல, ஆண்டு விழாவை வெளியிலிருந்து வரும் டான்ஸ் மாஸ்டரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். பதிவுசெய்த சினிமாப் பாட்டு, வாடகை உடை, பின்னால் எல்.இ.டி. திரை. உடைக்குக் காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை தானாகவே பின்வாங்கிவிடுகிறது. எல்லோருக்கும் என்று வைத்திருந்த மேடை இப்படித்தான் கைவிட்டுப் போகிறது. அரசுப் பள்ளிகளுக்கு 2022இல் தொடங்கிய கலைத் திருவிழாவில் பறையும் தெருக்கூத்தும் கேட்கின்றன. தனியார் நிர்வாகங்கள் அதைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம்.

போஸ்கோவின் லிட்டர் நாடகத்துக்குச் செலவு அதிகம் ஆகியிருக்காது. அந்தப் பிள்ளைகளின் அன்றாடத்தில் என்ன குழப்பம் இருந்ததோ அதுவே கதையானது. நம் பிள்ளைகளுக்கும் கதைக்குப் பஞ்சமில்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. ஏரிகள் எங்கே நிரம்பின, உபரி நீர் எந்த வழியாக வந்தது, படகு எந்தத் தெரு வரை போனது என்பதெல்லாம் அந்தத் தெருக்களில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கேட்டு, தாங்களே வசனம் எழுதி, வரும் ஆண்டு விழாவில் நாற்பது நிமிடம் நடிக்கட்டும். ஏரியாக நிற்க ஒருவர், மதகாக ஒருவர், மழையாக முப்பது பேர் வேண்டியிருக்கும்.

(தொடரும்)