பந்தயக் காரும் விதிகளும்

அடித்தட்டின் பின்புறம் மேல்நோக்கிச் சரிந்திருப்பதால், கீழே பாயும் காற்றின் அழுத்தம் குறைந்து, பார்முலா ஒன் பந்தயக் கார் தரையோடு அழுத்தப்படுகிறது. வளைவிலும் விரைந்து திரும்புகிறது. இவ்வழுத்தத்தைக் குறைக்கவே 2009-ஆம் ஆண்டிற்கென விதிகள் திருத்தப்பட்டன. புதிய விதிகளுக்கேற்ற காரை உருவாக்க ஹோண்டா நிறுவனம் பெரும்பொருள் செலவிட்டது. எனினும் பொருளாதார நெருக்கடியால் 2008 டிசம்பரில் விலகிற்று. குழுவின் தலைவர் ராஸ் பிரான் அதனை ஏற்று நடத்தினார். விதிகளின் சொற்களில் இருந்த இடைவெளியைப் பயன்படுத்தி, அக்காரின் அடித்தட்டில் துளைகளின் வழியே இரண்டாவது காற்றுப்பாதை அமைக்கப்பட்டிருந்தது. வேறிரு குழுக்களும் அவ்வாறே செய்திருந்தன. எதிர்ப்பு எழுந்தது, மேல்முறையீட்டு மன்றம் அனுமதித்தது. முதல் ஏழு பந்தயங்களுள் ஆறில் ஜென்சன் பட்டன் வென்றார். பயனடைந்தது பணம் செலவிட்ட நிறுவனமன்று! 2021-இல் செலவிற்கே வரம்பு வந்தது: அடிப்படைத் தொகை 14.5 கோடி டாலர். ஓட்டுநர்களின் ஊதியம், ஏனோ, இக்கணக்கில் சேராது.